பாசியின் வரவு செலவு

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் வங்கக் கடல். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்தக் கரையில் பவளப்பாறை கிடையாது. தமிழ்நாட்டில் பவளப்பாறை பார்க்க வேண்டுமானால் தெற்கே மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பக்கம்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் ஏரிக்குள் கொண்டுவந்து கொட்டும் வெள்ளமும் வண்டலும் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் தோதானவை. பவளத்துக்கு அவை ஆகாது. அதற்குத் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும், உப்பு ஏறி இறங்கக் கூடாது, கரைந்திருக்கும் சத்துகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

சிப்காட் பக்கம் ஒரு வீட்டில் பவளத் தொட்டி வைப்பவர், தன் ஊர்க் கடலில் இல்லாத ஒரு சூழலை வரவேற்பறையில் உண்டாக்கப் பார்க்கிறார். 200 லிட்டர் தொட்டி, கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கிய கோமாளி மீன் ஒரு ஜோடி, நாலைந்து மென்பவளம், மேலே நீல ஒளி விளக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். மூன்றாம் வாரம் வெள்ளை மணல் பழுப்பாகும். பிறகு கண்ணாடியில் பச்சைப் படலம், பாறையில் பச்சை மயிர், ஒரு நாள் காலையில் மணல்மீது கருஞ்சிவப்பு வழவழப்பு. இந்தக் கட்டத்தில்தான் பலரும் கடைக்கு ஓடி, “பாசிக்கு ஏதாச்சும் மருந்து குடுங்கண்ணே” என்று கேட்கிறார்கள்.

எந்தப் பாசிக்கு என்று திருப்பிக் கேட்பவர் நல்ல கடைக்காரர். தொட்டியில் தொல்லை தருபவற்றில் செடிகளுக்கு உறவானவை உண்டு, பாக்டீரியா உண்டு, இரண்டிலும் சேராத ஒற்றைச்செல் நீந்திகளும் உண்டு. ஒன்றைப் பட்டினி போட்டால் அது சாகும், இன்னொன்று அந்தப் பட்டினியிலேயே கொழுக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தின் பாதி, எதிரில் இருப்பது யார் என்று பார்ப்பதற்கே செலவாகும்.

பவளப்பாறையில் பாசி எங்கே போனது?

பவளப்பாறைப் படங்களில் பாசி கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு வெற்றிடத்திலும் அது முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது. முளைத்த வேகத்தில் தின்று தீர்க்க ஆள் இருக்கிறது. கிளிமீன், ஓரா, நத்தைகள், கடல் முள்ளெலிகள் எல்லாம் பகலும் இரவும் பாறையைச் சுரண்டுகின்றன.

இந்தத் தின்னிகள் போனால் என்ன ஆகும் என்பதைக் கரீபியன் கடல் காட்டியது. 1983-இல் தொடங்கிய ஒரு கொள்ளைநோயில் அங்கிருந்த நீள்முள் கடல் முள்ளெலிகளில் பெரும்பாலானவை மடிந்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள், பாறையைக் காத்துவந்த கடைசிக் கூட்டம் முள்ளெலிதான். டெரி ஹியூஸ் 1994-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, 1977-இல் பாறைப்பரப்பில் 52 சதவீதமாக இருந்த பவளம் 1993-இல் 3 சதவீதமாகச் சுருங்கியது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது. இடையில் 1980-இல் அடித்த ஆலன் புயலுக்கும் இதில் பங்குண்டு. புயல் காலி செய்த இடத்தில் பவளம் மீண்டும் வருவதற்குள் பாசி குடியேறிவிட்டது.

வீட்டுத் தொட்டியிலும் இடத்துக்கான இதே போட்டிதான். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனிக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். கடலில் பல காலம் கிடந்து நுண்ணுயிரும் புழுவும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியும் ஏறிய ‘லைவ் ராக்’ பெரும்பாலும் இறந்த பவளமே என்பதால் அதற்கும் இதே தடை. சரியான தடைதான். அதன் விளைவாக இங்கே தொட்டிகள் உலர்ந்த கல்லிலோ செயற்கைப் பாறையிலோ தொடங்குகின்றன. அந்தக் கல்லில் யாரும் குடியில்லை. முதலில் ஓடிவருபவர் இடத்தைப் பிடிக்கிறார், ஓட்டத்தில் பாசியை யாராலும் ஜெயிக்க முடியாது.

ஒரு கிராம் தீனி

ஒளியும் கரியும் தவிர பாசிக்கு முக்கியமாக வேண்டியவை நைட்ரஜனும் பாஸ்பரஸும். கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறக்குறைய 106 : 16 : 1 என்ற விகிதத்தில் இருக்கும். இந்த ஒழுங்கை முதலில் கவனித்து 1934-இல் எழுதியவர் அமெரிக்கக் கடலியலாளர் ஆல்பிரட் ரெட்பீல்ட். பாறையில் ஒட்டி வளரும் பெரும்பாசிகளின் விகிதம் வேறு. 1983-இல் அட்கின்சனும் ஸ்மித்தும் தொகுத்த கணக்கில் அது 550 : 30 : 1. அதாவது ஒரு துளி பாஸ்பரஸைக் கொண்டு பெரும்பாசி மிகப் பெரிய உடம்பைக் கட்டிக்கொள்ளும்.

அந்தத் துளி எங்கிருந்து வருகிறது? நாம் போடும் தீனியிலிருந்துதான். உலர்தீனியில் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம். அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறினால் 30 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 200 லிட்டர் தொட்டியில் கரைந்தால் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஏறும். பவளம் வளர்ப்பவர்கள் பொதுவாக 0.03 முதல் 0.1 வரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு கிராம் தீனி அந்த எல்லையைத் தாண்டவைக்கப் போதும்.

இப்போது செலவுப் பக்கம். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறோம். 20 லிட்டர் வெளியே போகிறது, அதோடு போவது 3 மில்லிகிராம் பாஸ்பேட். வரவு 30, செலவு 3. மீதி எங்கே என்று சோதனைப் பெட்டியை எடுத்துப் பார்த்தால் பாஸ்பேட் சுழியம் என்று காட்டும். உடனே தண்ணீர் சுத்தம் என்று முடிவுகட்டுபவர் ஏமாறுகிறார். மீதியில் ஒரு பகுதியைப் பாசி தின்றுவிட்டது, இன்னொரு பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் பாஸ்பேட் குறையும்போதெல்லாம் பாறை தன் சேமிப்பை விட்டுக்கொடுக்கும். பழைய அலங்காரப் பாறையை வாங்கிப் போட்டவர்கள் மாதக்கணக்கில் பாசியோடு மல்லாடுவது இதனால்தான்.

பாசியைப் பிடுங்கினால் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பிழிந்த ஈரப்பாசி 100 கிராம், உலர்ந்தால் 10 கிராம் தேறும். அதில் பாஸ்பரஸ் 0.2 சதவீதம் என்று கொண்டால் 20 மில்லிகிராம், பாஸ்பேட்டாகச் சொன்னால் 60. இரண்டு கிராம் தீனி கொண்டுவந்ததை ஒரு கைப்பிடிப் பாசி திரும்ப எடுத்துக்கொண்டு போகிறது. இருபது முறை தண்ணீர் மாற்றினாலும் போகாத அளவு அது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டால், தொட்டியிலிருந்து சத்தை வெளியேற்றப் பாசியைப் போல வேலைக்காரன் இல்லை என்பது விளங்கும். அது வளரும் இடத்தை நாம் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர்

மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்த கதை பழையது. அந்த வட்டாரத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம் இருப்பதில் வியப்பில்லை. தொட்டிக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்பைக் கரைத்துத்தான் விடுகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ‘டி.டி.எஸ். கன்ட்ரோலர்’ என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சுத்திகரித்த தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, சவ்வு வழியே போகாத தண்ணீரில் கொஞ்சத்தை அது கலந்துவிடும். குடிப்பவருக்கு நல்லது. தொட்டிக்கு, போர்த் தண்ணீரின் நைட்ரேட்டும் சிலிகாவும் பின்வாசல் வழியாக வந்து சேரும். கேன் தண்ணீரிலும் இப்படிக் கலப்பது உண்டு. பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 50, 80 என்று காட்டினால் அது தொட்டிக்குரிய தண்ணீர் அல்ல.

ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அயனிநீக்கப் பிசின் நிரப்பிய குழல் ஒன்றைச் சேர்த்து, மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிசின் தீரும் தறுவாயில் முதலில் தப்பி வருவது சிலிகா. அயனியாக அரைகுறையாகவே பிரிவதால் பிசினின் பிடியில் அது சரியாக நிற்பதில்லை, மீட்டரும் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மீட்டர் சுழியம் காட்டியும் கண்ணாடியில் பழுப்புப் படலம் திரும்பத் திரும்ப வந்தால் பிசினை மாற்றிப் பார்க்கலாம்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கேனில் கடல்நீர் பிடித்து வந்தால் உப்புச் செலவு மிச்சமாகுமே என்று தோன்றும். ஏரியும் முகத்துவாரமும் பருவத்துக்குப் பருவம் உப்பு மாறும் இடம், மழைக்காலத்தில் வயல் உரமும் ஊர்க் கழிவும் கலந்து வரும் இடம். மிச்சமாகிற காசு பாசியாக முளைக்கும்.

யார் இவர்?

அடையாளம் காணக் கண், விரல், இரவு நேரத்து டார்ச், ஒரு காபி வடிதாள் ஆகியவை பெரும்பாலும் போதும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மாணவர் நுண்ணோக்கி இருந்தால் சந்தேகமே வராது.

புதுத் தொட்டியில் பழுப்புப் பவுடர் தூவியதுபோல் மணலிலும் கண்ணாடியிலும் படிந்து, விரல் பட்டதும் கலைவது டயாட்டம். சிலிகாவால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் உயிர். தண்ணீரில் இருக்கும் சிலிகா தீர்ந்ததும் சில வாரங்களில் தானாகப் போய்விடும். இதற்கு மருந்து வாங்குவது வீண். நத்தைகள் விரும்பித் தின்னும்.

மணல்மேல் கருஞ்சிவப்புப் பாயாகப் பரவி, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் உரிவதுபோல் ஒரே விரிப்பாக வருவது சயனோபாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பாடநூல்கள் சொன்னாலும் இது பாக்டீரியா. நாம் சுவாசிக்கும் காற்றில் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜனைச் சேர்க்கத் தொடங்கியவர்களின் வாரிசு. உரித்ததைக் காயவைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் நிறமிகள் கசிந்து தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்க்கலாம், அந்த நிறமிகள் நீரில் கரைபவை. இதன் குணத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில வகைகள் நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே சத்தாக மாற்றிக்கொள்ளும். நைட்ரேட்டை மட்டும் சுழியத்துக்கு இறக்கி, பாஸ்பேட்டை விட்டுவைத்தால் மற்ற பாசிகள் பட்டினியில் தளரும், இதற்கு மட்டும் சாப்பாடு கிடைக்கும். நீரோட்டம் மந்தமான மூலைகளில் இது விரும்பிக் குடியேறும்.

பழுப்பு நிறத்தில் சளி நூல்கள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி, மாலையில் அடர்ந்து விடியற்காலையில் பாதியாகக் குறைந்திருப்பது, நத்தைகள் காரணமின்றிச் சாவது: இவை சேர்ந்து வந்தால் டைனோஃபிளாஜெல்லேட் என்று சந்தேகிக்கலாம். தொட்டிக்காரர்கள் ‘டைனோ’ என்று சொல்லிப் பயப்படுவது இதைத்தான். உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. சளியைச் சிறு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு அள்ளி நன்றாகக் குலுக்க வேண்டும். காபி வடிதாளில் வடிகட்டினால் கீழே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும். அதை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைக்கவும். தெளிந்த தண்ணீரில் பழுப்பு இழைகள் மீண்டும் கூடித் திரண்டால் டைனோதான். வடிதாளின் துளை வழியே தனித்தனியாக நீந்தி வந்தவை ஒளியில் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. சயனோ இப்படிச் செய்யாது.

டைனோ பெரும்பாலும் வருவது அழுக்கான தொட்டியில் அல்ல, அளவுக்கு மீறிச் சுத்தம் செய்த தொட்டியில். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமானபின் போட்டியாளர்கள் எல்லாம் சோர்ந்துவிட, ஒளியிலும் வாழத் தெரிந்த, பிற உயிர்களைத் தின்றும் பிழைக்கத் தெரிந்த இவை மேலே வருகின்றன. உலர்பாறையில் தொடங்கிய தொட்டிகளில் போட்டியாளர்கள் ஏற்கெனவே குறைவு. எனவே இதற்கான முதல் வைத்தியம் தலைகீழானது: சத்தைக் கூட்ட வேண்டும். தீனியை நிறுத்தாமல் போட்டு, தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை இரவில் நீரில் மிதக்க வரும் என்பதால் புறஊதா விளக்குக் குழல் அதைப் பிடிக்கும். மணலுக்குள் பதுங்கும் ஆம்பிடினியத்துக்கு அது பயன்படாது. அங்கே வேண்டுமென்றே சிலிகா சேர்த்து டயாட்டத்தை வளர்த்து, இடத்தைப் பறிக்கவைப்பார்கள். முதல் மாதம் தொல்லை என்று துடைத்த டயாட்டம் இங்கே கூட்டாளியாகிறது.

ஆஸ்ட்ரியாப்சிஸை அலட்சியமாகக் கையாளக் கூடாது. 2005-இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகி, அலைத்திவலையைச் சுவாசித்த சுமார் 200 பேர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவ உதவி நாடினார்கள். கையுறை போட்டுக்கொண்டு வேலைசெய்வது நல்லது.

பச்சை மயிர்போல் பாறையில் வளர்ந்து, இழுத்தால் கையோடு வருவது டெர்பீசியா, கிளாடோபோரா போன்றவை. தொட்டிக்காரர்களின் அன்றாடத் தொல்லை இதுதான். கூர்ந்து பார்க்கும்போது ஒவ்வொரு தண்டிலும் இருபுறமும் இறகுபோல் கிளைத்திருந்தால் அது பிரையோப்சிஸ். பெரும்பாலான நத்தைகள் இதைத் தொடாது, வேரோடு பிடுங்குவதும் கடினம்.

பாறை இடுக்கில் பச்சைக் கண்ணாடிக் குண்டு மாதிரி மின்னுவது குமிழிப்பாசி, வலோனியா வகை. ஒரு குமிழி முழுவதும் ஒரே செல். ஊசியும் நுண்ணோக்கியும் இல்லாமல் வெறுங்கண்ணால் ஒரு செல்லைப் பார்க்கும் வாய்ப்பு இது. ரசித்துவிட்டு, உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுக்க வேண்டும். உடைத்தால் உள்ளிருப்பது சிதறிப் புதுக் குமிழிகள் முளைக்கலாம்.

பாறையில் இளஞ்சிவப்பு, ஊதாப் பூச்சாகப் படர்வது சுண்ணப்பாசி. இதைச் சுரண்டக் கூடாது. இது பிடித்துக்கொண்ட இடம் மயிர்ப்பாசிக்கு எளிதில் கிடைக்காது.

கையும் வாயும் இரும்பும்

மயிர்ப்பாசிக்கு முதல் மருந்து கை. விளக்கை அணைத்து, மோட்டாரை நிறுத்தி, சிறு குழாயால் உறிஞ்சிக்கொண்டே பிடுங்க வேண்டும். இழைத் துண்டுகள் நீரில் சிதறினால் வேறு இடத்தில் ஒட்டும். பிடுங்கக்கூடிய கல்லை வெளியே எடுத்து, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, வாளியில் எடுத்துவைத்த தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்ப வைக்கலாம். கல்லில் பொத்தான் பவளங்கள் இருந்தால் இந்த வேலை வேண்டாம். அவற்றில் சில பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு கொண்டவை. சுடுதண்ணீர் ஊற்றியோ கொதிக்கவைத்தோ பாறையைச் சுத்தம் செய்வது உயிருக்கே ஆபத்து. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது.

கைக்கு அடுத்தது வாய். பிடுங்கி மட்டமாக்கிய பின்புதான் தின்னிகளால் சமாளிக்க முடியும், விரல் நீளம் வளர்ந்த பாசியை டர்போ நத்தை தொடாது. நத்தைகள், துறவி நண்டு, ஒரு கடல் முள்ளெலி, இடமிருந்தால் பாசி தின்னும் பிளென்னி மீன் ஒன்று போதும். முள்ளெலியின் திறமைக்கு ஹவாய் சாட்சி. கனேயோஹே விரிகுடாவில் பவளத்தை மூடிய அயல் பாசியைப் படகில் பொருத்திய உறிஞ்சியால் அகற்றிவிட்டு, 2011 முதல் பண்ணையில் வளர்த்த முள்ளெலிகளை அங்கே விட்டார்கள். முதலில் கை, பிறகு வாய் என்ற வரிசை அங்கேயும் அப்படியே.

மூன்றாவது, சத்தை வெளியேற்றுவது. தொட்டிக்குக் கீழே சிறு அறை ஒன்றில் தனி விளக்கு வைத்து, கீட்டோமார்பா என்ற நூல்சுருள் பாசியை வளர்த்து வாரம் ஒருமுறை ஒரு பிடி அறுத்து எடுப்பது எளிய வழி. இதன் இன்னொரு வடிவம், வலைத்தட்டில் மெல்லிய நீர் வழியவிட்டுப் பாசி வளர்த்துச் சுரண்டுவது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பவளத்தொட்டிக்காக வால்டர் ஏடி உருவாக்கிய உத்தி அது. நாம் மேலே போட்ட 100 கிராம் கணக்கு இங்கேதான் பலிக்கிறது.

நான்காவது இரும்பு. உருக்காலைகள் நிறைந்த இந்த ஊரில் மழைக்காலம் முழுவதும் கண்ணில் படும் துரு, பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் குணம் உடையது. கடைகளில் பாஸ்பேட் நீக்கி என்று விற்கும் பழுப்புக் குருணை, பெரிய மேற்பரப்புக் கிடைக்கும்படி செய்த இரும்பு ஆக்சைடுதான். பட்டறைத் துருவைப் போட்டால் எண்ணெயும் பிற உலோகங்களும் சேர்ந்து வரும், செம்பு கொஞ்சம் கலந்தாலே நத்தையும் இறாலும் சாகும். குருணையைச் சொன்ன அளவில் பாதியில் தொடங்க வேண்டும். பாஸ்பேட் ஒரே நாளில் சரிந்தால் பவளத்தின் சதை உரியும், முன்பு சொன்ன டைனோவும் எட்டிப் பார்க்கும்.

வினிகரோ வோட்காவோ துளித்துளியாக விட்டு பாக்டீரியாவை வளர்த்து, அவை சத்தை உண்டபின் ஸ்கிம்மரால் நுரையோடு அள்ளுவது இன்னொரு முறை. டாஸ்மாக் போக வேண்டியதில்லை, வினிகர் போதும். ஆனால் அளவு மீறினால் தண்ணீர் பால்போல் கலங்கி ஆக்சிஜன் தீரும்.

மருந்து கடைசியில். பூஞ்சைக்குக் கொடுக்கும் புளூகோனசோல் பிரையோப்சிஸில் வேலைசெய்வதை வளர்ப்பவர்கள் கண்டிருக்கிறார்கள். வேறெதற்கும் அசையாத பிரையோப்சிஸுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். சயனோவுக்கு எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி போடும் பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. தொட்டியின் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அடிபடும், வெளியேற்றும் தண்ணீர் வழியே மருந்துக்குப் பழகிய கிருமிகள் உருவாகவும் வழி பிறக்கும். நீரோட்டத்தைக் கூட்டி, பாயை உறிஞ்சி எடுத்து, மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கினால் சயனோ பெரும்பாலும் அடங்கும்.

செத்த பாசி செய்யும் கேடு

மருந்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்பதற்கு மன்னார் வளைகுடா ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பலர் போய்ப் பார்த்தார்கள். நோக்டிலூகா என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் வேலை அது. அடுத்த மாதம் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்துக் கரையொதுங்கின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் திரவியராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-இல் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் இதை விவரித்தார்கள். நோக்டிலூகா பெருகிய இடங்களில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய், சிங்கில் தீவு போன்ற இடங்களில் பவளங்கள் மடிந்தன. பவளத்தைக் கொன்றது ஆக்சிஜன் பஞ்சம்.

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் அதிகபட்சம் 6.7 மில்லிகிராம் அளவே ஆக்சிஜன் கரையும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். மே மாதத்துக் கும்மிடிப்பூண்டியில், குளிர்விப்பான் இல்லாத தொட்டியில், மருந்து போட்டு அரைக்கிலோ பாசியை ஒரே இரவில் கொன்றால் அது அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கரண்டும் போனால் காலையில் மீன் இருக்காது. பாசியைப் பிடுங்கிக் குறைத்த பிறகே மருந்து, கூடவே பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு என்பது இதனால் வந்த விதி. அழுகிய பாசி தன் பாஸ்பேட்டைத் தண்ணீரிலேயே திருப்பித் தருவதால், கொன்றது மட்டும் செலவுக் கணக்கில் ஏறாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தொட்டியைத் தாண்டி

பிடுங்கியதை எங்கே போடுவது? 1984-இல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, கடலடியில், காலெர்பா டாக்சிபோலியா என்ற தொட்டிப் பாசி ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அது மத்தியதரைக் கடலில் பரந்த பரப்பை மூடியது. 2000-இல் கலிபோர்னியாவின் கடற்கழி ஒன்றில் அதே பாசி தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி, முற்றாக ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 வரை ஆனது.

நம்மிடமும் இதற்கு நிகரான கதை உண்டு. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் வேண்டிய கேரஜீனனுக்காக ராமநாதபுரம் கரையில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் அல்வரெசி இந்தக் கடலுக்குரியது அல்ல. அதை வளர்த்து வருமானம் பார்க்கும் மீனவப் பெண்கள் ஏராளம். தெப்பத்திலிருந்து தப்பிய அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்திருப்பதை 2008-இல் சந்திரசேகரன் குழுவினர் கரண்ட் சயன்ஸ் இதழில் ஆதாரத்தோடு எழுதினார்கள். அதன்பின் வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் அகற்ற வேண்டியிருந்தது.

கீட்டோமார்பா, காலெர்பா என்று தொட்டியில் வளர்பவை துண்டு துண்டாகப் பெருகக்கூடியவை. கும்மிடிப்பூண்டித் தெருக்களின் மழைநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் பழவேற்காடு ஏரி தூரத்தில் இல்லை. அறுத்த பாசியையும் அலசிய தண்ணீரையும் சாக்கடையில் கொட்டக் கூடாது. தண்ணீரில் வீட்டு பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றலாம். பாசியை மொட்டைமாடியில் பரப்பிவிட்டால் போதும், வெயிலுக்கு இங்கே குறைவில்லை. மொறுமொறுப்பாகக் காய்ந்ததும் எடை பார்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, எத்தனை கிராம் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த வாரம் போட்ட தீனியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு பத்திகளும் சில மாதம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போனால் தொட்டி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.